எண்ணெயை அடக்கினால் தீ அடங்கும்

(பண்ணை வானொலிப் பேச்சின் எழுத்து வடிவம்)



வழக்கமாக விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசுகிறவன் இன்றைக்கு விளக்கு, ஸ்டவ் என்று ஆரம்பிக்கிறானே என்று நினைக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

சென்ற பருவத்தில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். ஒரு விவசாயி பவர் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு நெல்லுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். பாதி வயலில் பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் நின்றுவிட்டது. இயந்திரத்தை வரப்பில் இறக்கினார். கையோடு மூடியைத் திறந்து, தண்ணீர் பாட்டிலில் வைத்திருந்த பெட்ரோலை ஊற்றினார். நாலு சொட்டு சிந்தி, கொதித்துக்கொண்டிருந்த சைலன்சர் மேல் விழுந்தது. அவ்வளவுதான், குப்பென்று பிடித்துக்கொண்டது. ஈரச் சேற்றை வாரிப் போட்டு அணைத்தோம். மணிக்கட்டு வரை தோல் உரிந்துபோயிற்று. "எல்லாம் நேரம் சார்" என்றார் அவர்.

நேரம் இல்லீங்க. இயந்திரம் முதுகில் இருக்கும்போதே அது பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்த மாதிரி விபத்து எதனால் வருகிறது, எப்படித் தடுப்பது என்பது நூறு வருஷத்துக்கு முன்னாலேயே மனிதன் கண்டுபிடித்துவிட்ட சங்கதி. அந்தக் கதையைச் சொல்வதற்கு உங்களைக் கொஞ்சம் சென்னைக்கு, நான் பிறந்து வளர்ந்த மயிலாப்பூர்ப் பக்கம் அழைத்துக்கொண்டு போகிறேன்.

கலங்கரை விளக்கில் தேங்காய் எண்ணெய்

சென்னை பார்க்கப் போனவர்கள் மெரினா கடற்கரையின் தென்கோடியில், மயிலாப்பூர் ஓரமாக, சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிற முக்கோணக் கலங்கரை விளக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். அது 1977 ஜனவரியில் வேலையைத் தொடங்கியது. மின்சாரத்தில் எரிவது. ஆனால் சென்னைக்கு அது நாலாவது கலங்கரை விளக்கம். அதற்கு முன்னால் இருந்தவை எல்லாம் எண்ணெயில் ஆரம்பித்தவைதான்.

முதல் விளக்கு 1796இல் ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு கட்டிடத்தின் மாடியில் வைக்கப்பட்டது. இன்றைக்கு அந்தக் கட்டிடம் கோட்டை அருங்காட்சியகம். அந்த விளக்கில் எரிந்தது என்ன தெரியுமா? நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய்தான். பன்னிரண்டு திரி விளக்குகள்.

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் இவை எல்லாம் சாதுவான எண்ணெய்கள். கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயை ஊற்றி எரிகிற தீக்குச்சியைப் போட்டால், குச்சி அணைந்து போகுமே தவிர எண்ணெய் பற்றாது. ஏன்? எந்த எண்ணெயும் எண்ணெயாக இருக்கும்போது எரிவதில்லை. அது சூடாகி ஆவியாக மாறினால்தான், அந்த ஆவி காற்றோடு கலந்து எரியும். தேங்காய் எண்ணெயை ஆவியாக்கப் பலமான சூடு வேண்டும். திரியின் நுனியில் மட்டும்தான் அந்தச் சூடு இருக்கிறது. ஆகவே திரி எவ்வளவு உறிஞ்சித் தருகிறதோ அவ்வளவுதான் எரியும். கார்த்திகைக்கு அகல் வைக்கிற நம் பெண்கள் திரியைத் தூண்டியும் இழுத்தும் சுடரைக் கூட்டிக் குறைப்பது இதனால்தான். அவர்கள் தொடுவது சுடரை அல்ல. சுடருக்குப் போகிற எண்ணெயின் அளவை.

இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் எரிகிற எந்தச் சாதனத்திலும் தீயை அடக்குவது என்றால், தீக்குப் போகிற எண்ணெயை அடக்குவதுதான். நான் சொல்லப்போகிற கதை முழுவதும் இந்த ஒரே விஷயம்தான்.

1844இல் கோட்டைக்கு வடக்கே இரண்டாவது கலங்கரை விளக்கம் வந்தது. இன்றும் உயர் நீதிமன்ற வளாகத்தில் அந்த உயரமான கல்தூண் நிற்கிறது. அதில் ஆர்கண்ட் விளக்குகள் எரிந்தன. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆர்கண்ட் என்பவர் 1780ஆம் ஆண்டு வாக்கில் செய்த விளக்கு அது. திரியைக் குழல் மாதிரி வட்டமாக்கினார். நடுவிலும் வெளியிலும் காற்று போகும்படி வழி செய்தார். மேலே சிம்னி வைத்தார். எண்ணெய் எவ்வளவு, காற்று எவ்வளவு என்று இரண்டையும் அளந்து கொடுத்ததும் புகை குறைந்தது, வெளிச்சம் பல மடங்கு கூடியது. நம் அரிக்கேன் விளக்கின் சிம்னியும், திரியை ஏற்றி இறக்குகிற திருகும் இந்த வழியில் வந்தவைதான்.

சாதுவான எண்ணெய் போய்ச் சீமையெண்ணெய் வந்தது

1859இல் அமெரிக்காவில் டிரேக் என்பவர் எண்ணெய்க் கிணறு தோண்டினார். அதற்குப் பிறகு பூமியிலிருந்து எடுத்த எண்ணெயைக் காய்ச்சி வடித்து விளக்குக்கு விற்க ஆரம்பித்தார்கள். மண்ணெண்ணெய், சீமையெண்ணெய், கிருஷ்ணாயில் என்று நாம் பல பெயரில் சொல்வது அதைத்தான். தகர டின்னில் அடைத்துக் கப்பலில் நம் ஊருக்கும் வந்தது. எண்ணெய் தீர்ந்த பிறகு டின்னைக் கூட விடவில்லை நம் ஜனங்கள். தண்ணீர் மொள்ள, தானியம் போட, கூரை வேய என்று எல்லாவற்றுக்கும் ஆயிற்று.

1894இல் உயர் நீதிமன்றக் கட்டிடத்தின் உயரமான கோபுரத்துக்குக் கலங்கரை விளக்கு மாறியபோது அங்கேயும் மண்ணெண்ணெய்தான் ஏறியது. விலை குறைவு, வெளிச்சம் அதிகம். திரியில் சுலபமாக ஏறும். எல்லாம் சரிதான். ஆனால் தேங்காய் எண்ணெய் மாதிரி அது சாது இல்லை.

ஆரம்ப காலத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மண்ணெண்ணெய் விளக்குகள் வெடித்து ஏராளமான பேர் செத்தார்கள். விளக்கின் மேல் தவறில்லை. கச்சா எண்ணெயைக் காய்ச்சும்போது முதலில் வடிகிறது பெட்ரோல். அந்தக் காலத்தில் மோட்டார் கார் கிடையாது, பெட்ரோலுக்குக் கேள்வியும் கிடையாது. வீணாகப் போவதை மண்ணெண்ணெயில் கலந்து விற்றால் லாபம்தானே என்று சில வியாபாரிகள் கலந்தார்கள். வீட்டில் விளக்கேற்றிய பெண்களும் குழந்தைகளும் அதற்குப் பலியானார்கள். பாலில் தண்ணீர் கலந்தால் குழந்தைக்குச் சத்து குறையும். மண்ணெண்ணெயில் பெட்ரோல் கலந்தால் உயிரே போகும்.

இதைத் தடுக்க ஒரு சோதனை தேவைப்பட்டது. இங்கிலாந்தில் ஃபிரெடரிக் ஏபெல் என்ற ரசாயன விஞ்ஞானி ஒரு சின்னக் கருவி செய்தார். மூடிய கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி மெதுவாகச் சூடு பண்ண வேண்டும். சூடு ஏற ஏற, மூடியில் உள்ள சின்னக் கதவைத் திறந்து ஒரு பொடிச் சுடரை உள்ளே காட்ட வேண்டும். எந்தச் சூட்டில் உள்ளே இருக்கிற ஆவி 'பளிச்' என்று பற்றி மறைகிறதோ, அதுதான் அந்த எண்ணெயின் தீப்பற்று நிலை. 1879இல் இங்கிலாந்தின் சட்டம் இந்தச் சோதனையை ஏற்றுக்கொண்டு, 73 டிகிரி பாரன்ஹீட் என்று கோடு கிழித்தது. நம் கணக்கில் சுமார் 23 டிகிரி சென்டிகிரேடு.

அந்தக் கோடு இன்றைக்கும் அழியவில்லை. இந்தியாவின் 1934ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டத்தில், 23 டிகிரிக்குக் கீழே தீப்பற்றுவது 'ஏ' வகுப்பு. பெட்ரோல் அதில் சேர்ந்தது. 23 முதல் 65 டிகிரிக்குள் 'பி' வகுப்பு. மண்ணெண்ணெய் அதில் சேர்ந்தது.

நம் நாட்டில் மண்ணெண்ணெய் 35 டிகிரிக்குக் கீழே தீப்பற்றக் கூடாது என்பது தர விதி. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் சென்னையில் 40 டிகிரி வெயில் அடிக்கிறது. நம் ஊர்களிலும் அப்படித்தான். அடுப்பங்கரைக்குள் கேட்க வேண்டியதே இல்லை. குளிர்நாட்டில் கேனில் சாதுவாகக் கிடக்கிற மண்ணெண்ணெய், நம் ஊர்க் கோடையில் மூடியைத் திறந்ததும் பற்றக்கூடிய ஆவியோடு இருக்கலாம். பெட்ரோலோ எந்தக் காலத்திலும் அப்படித்தான் இருக்கும். அதன் ஆவி காற்றை விடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தரையாகத் தவழ்ந்து போய், நாலு முழத்துக்கு அப்பால் இருக்கிற அடுப்பைத் தொட்டுவிடும்.

எம்டன் கொளுத்திய டாங்கிகள்

மண்ணெண்ணெய்க்குத் தேவை பெருகியதும் டின் போதவில்லை. சென்னைத் துறைமுகத்துப் பக்கம் பர்மா ஆயில் கம்பெனி பெரிய டாங்கிகளைக் கட்டியது. முதல் உலகப் போர் ஆரம்பித்த புதிதில், 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக் கடலுக்குள் வந்தது. யுத்த காலமாக இருந்தும் கலங்கரை விளக்கு வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது. எம்டன் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைப் போட்டது. டாங்கிகள் பற்றி எரிந்தன. ஐந்து பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரை விட்டு ஓடினார்கள். கெட்டிக்காரத்தனமாகப் பேர்வழி பண்ணுகிறவனை 'அவன் பெரிய எம்டன்' என்று நாம் இன்றும் சொல்வது அந்த ராத்திரியின் மிச்சம்.

எண்ணெயை ஒரே இடத்தில் குவித்து வைத்தால் ஒரு பொறி போதும் என்பதை சென்னை அன்றைக்குப் பார்த்தது. நம் வீட்டு மூலையில் ஐந்து லிட்டர் கேன் இருந்தாலும் கணக்கு அதேதான்.

பம்ப் ஸ்டவ்வின் சூட்சுமம்

1892இல் சுவீடன் நாட்டில் லிண்ட்குவிஸ்ட் என்பவர் திரி இல்லாத மண்ணெண்ணெய் அடுப்பைச் செய்தார். பிரைமஸ் என்று பெயர். நம் வீடுகளில் பித்தளையில் பளபளவென்று உட்கார்ந்திருந்த பம்ப் ஸ்டவ் அதன் வாரிசு. பெட்ரோமாக்ஸ் விளக்கும் இதே தத்துவம்தான். அதில் சுடருக்குப் பதில் மேண்டில் ஒளிவிடுகிறது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது மயிலாப்பூர்ச் சந்துகளில் "ஸ்டவ் ரிப்பேர்" என்று குரல் கொடுத்துக்கொண்டு ஒரு பெரியவர் வருவார். எங்கள் வீட்டு ஸ்டவ்வைத் திண்ணையில் வைத்துப் பிரிக்கும்போது அவர் சொல்லித் தந்த பாடத்தைத்தான், பிறகு கல்லூரியில் வேறு வார்த்தைகளில் படித்தேன்.

"தம்பி, இதுலே எண்ணெய் எரியறதில்லே, ஆவிதான் எரியுது. முதல்லே கிண்ணத்துலே ஸ்பிரிட் ஊத்திப் பர்னரைக் காய வைக்கணும். அது காயாம பம்ப் அடிச்சா எண்ணெய் எண்ணெயாவே பீச்சும். கூரை வரைக்கும் எரியும். தொட்டியிலே முக்காலுக்கு மேலே ஊத்தாதே, காத்துக்கு இடம் வேணும். தீயைக் குறைக்கணும்னா காத்துத் திருகைத் திற. அணைக்கணும்னாலும் அதுதான்."

எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள். தொட்டியில் காற்றின் அழுத்தம் இருந்தால்தான் எண்ணெய் மேலே ஏறும். காற்றுத் திருகைத் திறந்தால் அழுத்தம் போகும், எண்ணெய் நின்றுவிடும், தீ தானே அணையும். எண்ணெயைத் தொடாமலே எண்ணெயை அடக்கியிருக்கிறார்கள். இன்னொரு அளவு நிப்பிளின் ஊசித் துவாரத்தில் இருக்கிறது. அந்தத் துவாரம் அடைத்துக்கொண்டால் ஸ்டவ் பின்னால் குத்துவோம். முரட்டுத்தனமாகக் குத்திக் குத்தித் துவாரம் அகலமாகிவிட்டால் அளவு போயிற்று. அடைப்பை எடுக்காமல் மேலும் மேலும் பம்ப் அடித்தாலோ, வாஷர் தேய்ந்த இடத்தில், பற்ற வைத்த இடத்தில் எண்ணெய் பீறிடும்.

திரி ஸ்டவ்வில் அழுத்தம் கிடையாது. ஆகையால் ஆபத்து குறைவு என்று சொல்லலாம். எண்ணெய்த் தட்டுப்பாடு உலகத்தையே ஆட்டிய காலத்தில், 1977இல், இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு சிக்கனமான 'நூதன்' திரி ஸ்டவ்வைக் கொண்டுவந்தது. ஆனால் திரி ஸ்டவ்விலும் ஒரு வாசல் உண்டு. பத்துத் திரியில் ஒரு திரி தேய்ந்து உள்ளே விழுந்துவிட்டால், அந்தக் காலிக் குழாய் வழியாகத் தீ நேரே தொட்டிக்குள் இறங்கும். "ஒன்பது திரி எரிகிறதே, போதும்" என்று விட்டவர்கள் எத்தனையோ பேர்.

அடுப்பங்கரையில் நடந்தது

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்று எங்கே பார்த்தாலும் அந்த நாளில் காலையில் மண்ணெண்ணெய்க் கேன்கள் வரிசையில் நிற்கும். நாங்கள் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தோம். எதிர்ப் போர்ஷனில் ஒரு அக்கா. என்னைத் தன் தம்பி மாதிரி வைத்துக்கொண்டவர். ஒரு நாள் விருந்தாளி வந்திருந்த நேரம், உலை கொதிக்கும் முன்னால் திரி ஸ்டவ்வில் எண்ணெய் தீர்ந்து சுடர் நீலமாய்ச் சிறுத்துக்கொண்டு வந்தது. அணைத்து, ஆறவிட்டு, ஊற்றி, மறுபடி பற்றவைக்கக் கால் மணி ஆகும். அவர் அணைக்காமலே மூடியைத் திறந்து கேனைச் சாய்த்தார். தொட்டியில் எண்ணெய் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்புவது ஆவிதான். அது பிடித்து, கையிலிருந்த கேனில் பிடித்து, நைலக்ஸ் புடவையில் பிடித்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே அவர் கண்ணை மூடினார். கால் மணி நேரம் மிச்சம் பிடிக்கப் போன காரியம் அது.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் இந்த வரலாறு முழுமை பெறாது. 'ஸ்டவ் வெடித்துப் பெண் சாவு' என்று அந்தக் காலப் பத்திரிகைகளில் அடிக்கடி வந்த செய்திகள் எல்லாமே விபத்து இல்லை. வரதட்சிணைக் கொடுமையால் கொளுத்தப்பட்டவர்களும், தாங்க முடியாமல் தாங்களே கொளுத்திக்கொண்டவர்களும் அந்தக் கணக்கில் மறைந்துபோனார்கள். அதனால்தான் இந்திய தண்டனைச் சட்டத்தில் 1983இல் 498ஏ பிரிவும், 1986இல் வரதட்சிணைச் சாவுக்கான 304பி பிரிவும் சேர்க்கப்பட்டன. கல்யாணமான ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் தீக்காயத்தால் இறந்து, அதற்குச் சற்று முன்வரை வரதட்சிணை கேட்டுக் கொடுமைப்படுத்தினார்கள் என்று தெரிந்தால், புருஷனும் அவன் வீட்டாரும் பதில் சொல்லியாக வேண்டும். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 80, 85 பிரிவுகளாக இது தொடர்கிறது. ஸ்டவ் என்பது ஜடப் பொருள். அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று நமக்குத் தெரிந்திருந்தால், அதன் மேல் யாரும் பொய்ப் பழி போட்டுத் தப்ப முடியாது.

ஸ்டவ் போயிற்று, எண்ணெய் போகவில்லை

பிறகு சமையல் எரிவாயு பரவியது. தமிழ்நாட்டில் 2007 முதல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தார்கள். 2016 மே மாதம் மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் வந்தது. பித்தளை ஸ்டவ் பரணுக்குப் போயிற்று. "ஸ்டவ் ரிப்பேர்" குரலும் ஓய்ந்துவிட்டது. நல்லதுதான்.

ஆனால் அந்தப் பெரியவரோடு அவர் சொன்ன பாடமும் மறைந்துவிட்டதே, அதுதான் எனக்குக் கவலை. ஏனென்றால் எண்ணெய் அடுப்பங்கரையை விட்டு வயலுக்கு வந்துவிட்டது. பவர் ஸ்பிரேயர், களை எடுக்கும் கருவி, புல் வெட்டும் கருவி, சின்ன ஜெனரேட்டர், இவற்றில் பல பெட்ரோலில் ஓடுபவை. மண்ணெண்ணெயை விடப் பொல்லாத 'ஏ' வகுப்பு எண்ணெய் அது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து டெல்டாவில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாதபோது, வீட்டுக்குள்ளேயே ஜெனரேட்டரும் காடா விளக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததை நாம் பார்த்தோம்.

ஆகவே பெருமக்களே, இருநூறு வருஷ அனுபவத்தைச் சுருக்கி ஆறு வார்த்தையில் தருகிறேன். வீட்டில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

ஒன்று: எரியும்போதும் சூடாக இருக்கும்போதும் எண்ணெய் ஊற்றாதீர்கள். எஞ்சினை நிறுத்தி, ஒரு வெற்றிலை போடுகிற நேரமாவது ஆறவிடுங்கள். கையால் பக்கத்தில் காட்டிப் பார்த்து, சைலன்சர் ஆறிய பிறகு ஊற்றுங்கள். ஸ்பிரேயரை முதுகில் வைத்தபடி ஊற்றவே கூடாது.

இரண்டு: புனல் வைத்து ஊற்றுங்கள். சிந்தினால் துடைத்து, துணியைத் தூரப் போட்டு, ஆவி போன பிறகு கிளப்புங்கள். தொட்டியை வாய் வரை நிரப்ப வேண்டாம். பீடி, சிகரெட் பக்கத்தில் வரக் கூடாது.

மூன்று: ஒன்றுக்கு ஒன்று மாற்றாதீர்கள். விளக்கிலும் ஸ்டவ்விலும் பெட்ரோலை ஒரு சொட்டுக் கூடக் கலக்காதீர்கள். பெட்ரோல் இருந்த கேனில் மண்ணெண்ணெய் வாங்காதீர்கள். அந்தக் கேனில் தங்கிய மிச்சமே போதும். குடிதண்ணீர் பாட்டிலில் எதையும் வைக்காதீர்கள். குழந்தை எடுத்துக் குடித்துவிடும்.

நான்கு: பழைய ஸ்டவ்வையோ பெட்ரோமாக்ஸையோ திருவிழாவுக்கு இறக்கினால், முதலில் வாஷர், நிப்பிள், காற்றுத் திருகு மூன்றையும் பாருங்கள். திரி ஸ்டவ் என்றால் திரிகளை எண்ணுங்கள்.

ஐந்து: எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீருக்கு மேல் எண்ணெய் மிதந்து தீயைப் பரப்பும். மண், மணல், ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள். உடம்பில் பற்றினால் ஓடாதீர்கள். தரையில் படுத்து உருளுங்கள். கம்பளியோ கனத்த பருத்தித் துணியோ போர்த்தலாம்.

ஆறு: தீக்காயத்துக்கு மசி, பற்பசை, மாவு, சாணம் எதுவும் வேண்டாம். ஓடுகிற நல்ல தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டி, சுத்தமான துணியால் மூடி, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்த ஸ்பிரேயர்க்காரர் கை இப்போது ஆறிவிட்டது. போன மாதம் அவர் வயலுக்குப் போனபோது எஞ்சினை நிறுத்திவிட்டு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். "என்ன, வேலை நிற்கிறதே?" என்றேன். "சைலன்சர் ஆறட்டும் சார். அப்புறம் ஊத்திக்கலாம்" என்றார். பக்கத்தில் ஒரு தகரப் புனலும் இருந்தது.

நீங்களும் ஒரு புனல் வாங்கி வையுங்கள்.